குறுக்கு விசாரணையா, குதறல் விசாரணையா?

"சாட்சியை உடைச்சுட்டார்யா!" கோர்ட் வராண்டாவில் ஒரு வக்கீலுக்குக் கிடைக்கிற ஆகப் பெரிய பாராட்டு இதுதான். சட்டம் படிக்கிற நாங்களும் இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறோம். உடைந்தது பொய்யா, இல்லை பொய்யே சொல்லாத ஒரு மனுஷியா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பாலியல் வன்முறை வழக்குகளில் வழக்கமாக வரும் கேள்விகளைப் பாருங்கள். ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை? ஏன் மூன்று நாள் கழித்துப் புகார்? போலீஸில் முதலில் கதவைச் சாத்தினான் என்றாய், இப்போது முதலில் கையைப் பிடித்தான் என்கிறாய், எது உண்மை?

இதற்கெல்லாம் மனநல மருத்துவத்தில் எப்போதோ பதில் வந்துவிட்டது. உயிர்பயம் வந்தால் மனித உடம்பு சண்டை போடும், ஓடும், அல்லது அப்படியே உறைந்துபோகும். உறைவது சம்மதம் அல்ல. உடம்பு தானாகச் செய்வது. அந்த நேரத்து நினைவும் சினிமா ரீல் மாதிரி வரிசையாகப் பதிவதில்லை. சுவரில் தொங்கிய காலண்டர் துல்லியமாக நினைவிருக்கும்; எது முன், எது பின் என்பது குழம்பும். சிலர் கூண்டில் ஏறியதும் அழுவார்கள். சிலர் மளிகைக் கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கோ அழுதால் நடிப்பு, அழாவிட்டால் பொய். என்னய்யா நியாயம் இது?

நீதிபதிகள் மட்டும் விதிவிலக்கா? 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில், சம்பவத்துக்குப் பின் களைத்துத் தூங்கிவிட்டேன் என்று சொன்ன பெண்ணைப் பற்றி, இது இந்தியப் பெண்ணுக்கு அழகல்ல என்ற பொருளில் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியபின் அந்த வரி நீக்கப்பட்டது. வரி போயிற்று, நினைப்பு?

"அப்போ குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உரிமையே இல்லையா?" என்று உடனே ஒரு குரல் வரும். நியாயமான கேள்வி. பொய் வழக்கில் சிக்கியவனுக்குக் குறுக்கு விசாரணையை விட்டால் வேறு ஆயுதம் இல்லை. கேளுங்கள்! வெளிச்சம் இருந்ததா, அடையாளம் தெரிந்ததா, மருத்துவ அறிக்கை ஒத்துப்போகிறதா, எல்லாம் கேளுங்கள். ஆனால் மிரட்டிக் கேட்டால் மிரண்ட பதில்தான் வரும். அதை வைத்து உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சட்டம் இல்லையென்றும் சொல்ல முடியாது. அவமானப்படுத்தும் கேள்விகளைத் தடுக்க 1872 சாட்சியச் சட்டத்திலேயே வழி இருந்தது. நீதிபதி ஊமைப் பார்வையாளராக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று 1996 குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திரை மறைப்பு, கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தருவது, போதிய இடைவேளை என்று 2004 சாக்ஷி வழக்கில் சொன்னது. 2012 போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவு, குழந்தையிடம் வக்கீல் நேரடியாகக் கேட்கவே கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்கிறது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. வராண்டாப் பாராட்டு மட்டும் மாறவில்லை.

எதிர்த்தரப்பை மட்டும் திட்டினால் போதாது. நம் தரப்பு வக்கீல் என்ன செய்கிறார்? வந்தவரை முதலில் குமாஸ்தாவிடம் கதை சொல்ல வைக்கிறார், பிறகு ஜூனியரிடம், பிறகு சீனியரிடம், அதுவும் நாலு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில். சாட்சி சொல்ல மனதைத் தேற்றிக்கொண்டு வந்தவரை "வாய்தா ஆயிடுச்சும்மா, போயிட்டு வாங்க" என்று ஒரே வரியில் அனுப்புகிறார்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலையா? கதவைச் சாத்திவிட்டு ஒருவரே கேட்டு எழுதிக்கொள்வது. கோர்ட்டில் யார் எங்கே இருப்பார்கள் என்று முன்னாலேயே காட்டுவது. கஷ்டமான கேள்விக்கு முன் "இதை ஏன் கேட்கிறேன்னா..." என்று ஒரு வாக்கியம் சொல்வது. காசு செலவில்லாத சங்கதிகள்.

பார் கவுன்சிலின் 2008 விதிகளில் நான்கு கட்டாயப் பயிற்சித் தாள்கள் உண்டு: ஆவணம் எழுதுதல், தொழில் நெறி, சமரசம், மாதிரி நீதிமன்றம். அடிபட்ட மனிதரிடம் பேசுவது எப்படி என்று ஒரு தாள் இல்லை. வழக்கு தவறாமல் இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத் தூக்கம் தொலைக்கும் வக்கீலுக்கும் அதில் ஒரு வரி இல்லை.

வகுப்புத் தோழர்களே, இன்னும் சில வருடத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டு நாம்தான் எழுந்து நிற்கப்போகிறோம். பொய்யை உடையுங்கள், கைதட்டுகிறேன். ஆளை உடைப்பதற்கு எல்.எல்.பி. எதற்கு?