ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மைதானம்

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் சென்றிருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளை அவர்கள் எங்கே கழிப்பது என்பது அந்நகரத்தில் வெகு காலமாக ஒரு விவகாரமாயிருந்து வருகிறது. மற்ற ஆறு நாட்களும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை.

இவர்களுக்கென்று தனியாகப் பொழுதுபோக்கு நிலையங்கள் அங்கே ஏற்பட்டிருக்கின்றன. கிராஞ்சி, பெஞ்சூரு, தெற்குத் துவாஸ் முதலிய ஒதுக்குப்புறங்களில், தொழிலாளர் விடுதிகளுக்குச் சமீபமாக அவை அமைந்துள்ளன. கிரிக்கெட் மைதானம், மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் இடம் எல்லாம் உண்டு. இவை வேண்டாத வசதிகள் என்று நாம் சொல்ல மாட்டோம். பலர் சேர்ந்து படுக்கும் அறையிலிருந்து வெளியே வருகிறவனுக்குக் காலை நீட்டி உட்கார ஓர் இடம் வேண்டாமா?

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவு திரண்ட விதத்தையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 2008-ம் வருஷம் செராங்கூன் கார்டன்ஸ் என்னும் வசதியான குடியிருப்பில், பழைய பள்ளிக்கூடம் ஒன்றைத் தொழிலாளர் விடுதியாக்க யோசனை பிறந்தபோது, அக்கம்பக்கத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டனர். விடுதி வந்தது, ஆனால் தொழிலாளர் வந்து போவதற்கு வேறு பாதையும் போடப்பட்டது! பிறகு 2013 டிசம்பர் 8-ந் தேதி, ஞாயிறு இரவு, நம்மவர்கள் 'தேக்கா' என்று அழைக்கும் லிட்டில் இந்தியாவில் இந்தியத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸின் சக்கரத்தில் அகப்பட்டு உயிரிழந்தார். கூட்டம் வெகுண்டது, போலீஸ் வண்டிகளும் ஓர் ஆம்புலன்ஸும் எரிந்தன. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையில் விசாரித்த கமிட்டி, மதுவை ஒரு முக்கிய காரணமாகக் கண்டது. தொழிலாளர் கூடும் இடங்களுக்கு அப்பாலும் அவர்களுக்கு வசதிகள் பெருக வேண்டும் என்றும் அது யோசனை கூறிற்று.

யோசனை நல்லதுதான். ஆயினும் தேக்காவுக்கு நம்மவன் எதற்காகப் போகிறான்? அரிசியும் மிளகாய்ப் பொடியும் விடுதி வாசலிலேயே கிடைக்கும். அண்ணன் துவாஸில் இருக்கிறான். தம்பி இருப்பது வடக்கே செம்பவாங்கில். இருவரும் சந்திப்பது சிராங்கூன் சாலையில்தான். நாளைக்கு விமானம் ஏறும் ஊர்க்காரனிடம் குழந்தைக்கு ஒரு கவுன் கொடுத்தனுப்ப வேண்டும். எந்த முதலாளி கூலியை நிறுத்தி வைக்கிறான், எவன் ஒழுங்காகத் தருகிறான் என்ற சமாசாரமும் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போதுதான் காதில் விழும். வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடும் போட வேண்டும். விடுதிக்குப் பக்கத்து மைதானத்திலோ, ஆறு நாளும் பார்த்த முகங்களையேதான் ஏழாம் நாளும் பெரும்பாலும் பார்க்க வேண்டும்.

தனி இடம் என்பது எவ்வளவு எளிதில் வேலியாகிவிடும் என்பதைக் கொரோனா காலம் காட்டிற்று. 2020 ஏப்ரலில் விடுதிகள் அடைக்கப்பட்டன. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ளே இருந்தனர். அவ்வருஷ முடிவுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் கண்டிருந்தது. நகர மக்கள் கடை வீதிகளில் உலாவத் தொடங்கி வெகு நாளான பின்பும், தொழிலாளிக்கு அனுமதிச் சீட்டின் பேரில் கிடைத்தது அந்தப் பொழுதுபோக்கு நிலையம் மட்டுமே. 2021 செப்டம்பரில், வாரத்துக்கு 500 பேர் வரை சில மணி நேரம் வெளியே சென்று வரலாம் என்று ஒரு பரீட்சை நடத்தப்பட்டது. 2022 ஜூனில் தடை தளர்ந்தபோதும், ஞாயிறன்று தேக்கா முதலிய நான்கு இடங்களுக்குச் செல்லத் தனிச் சீட்டு வேண்டியிருந்தது. அந்த நகரத்தின் மாடிகளைக் கட்டிய கைகள், அதன் வீதியில் நடக்கச் சீட்டு நீட்டின!

இதைப் படித்துவிட்டு நம் வாசகர்கள் சிங்கப்பூரை மட்டும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கொத்தாட்கள் ஞாயிறன்று கடற்கரையில் கூட்டமாக நின்றால், முகத்தைச் சுளிக்கிறவர்கள் நம்மிடையே இல்லையா?

கிராஞ்சியில் மைதானம் இருக்கட்டும். இன்னும் இரண்டு கட்டினாலும் சந்தோஷமே. அந்தச் செலவில் ஒரு பங்கைத் தேக்காவிலேயே நிழலுக்கும், குடிதண்ணீருக்கும், கழிப்பிடத்துக்கும், இரவு எட்டு மணிக்கு மேல் விடுதி திரும்புகிறவர்களுக்குக் கூடுதலாகச் சில பஸ்களுக்கும் ஒதுக்கினால் அண்ணனும் தம்பியும் இன்னும் சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.