மூட வைத்த பள்ளிக்கூடம்



பாஸ்டன் பக்கம் போகிற நம் பிள்ளைகள் தவறாமல் அனுப்பும் படம், ஹார்வர்டு சிலையின் காலணியைத் தொட்டுக்கொண்டு நிற்பது. என்னிடமே ஏழெட்டுச் சேர்ந்துவிட்டது! போன வாரம் ஒரு மாணவி மட்டும் வேறு படம் அனுப்பினாள். அங்கே பீக்கன் ஹில் பகுதியில், ஜாய் தெருவில் உள்ள ஒரு செங்கல் கட்டடம். ஏபியல் ஸ்மித் பள்ளி. 1835-இல் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியாகக் கட்டியது. "பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளியை எதுக்கு டீச்சர் இன்னும் பாதுகாக்கிறாங்க?" என்று கேட்டிருந்தாள்.

பாதுகாக்கத்தான் வேண்டும் என்பேன்.

பக்கத்திலேயே 1806-இல் கறுப்பின மக்களின் உழைப்பில் எழுந்த தேவாலயம் இருக்கிறது. 1832-இல் காரிசன் அடிமை முறை ஒழிப்புச் சங்கம் தொடங்கியது அங்கேதான். அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. புதிய பள்ளி வருமுன் அந்தத் தேவாலயத்தின் அடித்தளத்தில்தான் வகுப்பு நடந்தது. அங்கே படித்த வில்லியம் கூப்பர் நெல் என்ற பையன் 1829-இல் நகரப் பரிசுக்குத் தகுதி பெற்றான். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பதக்கமும் விருந்தும்; இவனுக்கு ஒரு புத்தகம் மட்டும். விருந்துக்குள் பரிமாறுகிற ஆளாகத்தான் நுழைந்தான். எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் பெயர் வாசித்தவள் நான். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நெல் வளர்ந்து, தனிப் பள்ளி முறையையே ஒழிக்கப் போராடினார். பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். நமக்கு நம் பள்ளியே போதும், கறுப்பினத் தலைமையாசிரியர் வந்தால் சரி என்றவர்களும் அந்தச் சமூகத்தில் இருந்தார்கள். சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமி ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டி இங்கே வர வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் செய்த அவள் அப்பா வழக்குப் போட்டார். 1850-இல் தோற்றார். பிரித்து வைப்பது சரியே என்று 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இந்தத் தீர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1855-இலேயே சட்டம் வந்து, ஸ்மித் பள்ளியை மூடிவிட்டார்கள்.

அவமானச் சின்னம் என்று அதை இடித்திருந்தால், அவமானப்படுத்தியவர்களுக்குத்தான் சௌகரியம். பெற்றவர்கள் "வேண்டாம்" என்று சொன்னது எந்த வாசலைப் பார்த்து என்று பிறகு எதைக் காட்டுவது?

இப்போது இரண்டு கட்டடமும் அருங்காட்சியகம். அடுத்துப் போகிறவர்கள் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். காலணிப் படம் போதும், கண்ணுகளா.