கேட்டாரா என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்?

"எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. தொழிலாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறோம்." இப்படிச் சொல்லாத நிர்வாகம் எங்கே உண்டு? சங்கத் தலைவரிடம் போனால் அவரும் இதையேதான் சொல்வார். மனைவி பேசும்போதே துண்டை உதறி எழுந்துபோகும் ஆண்மகனும் இதையேதான் சொல்வான். ஆனால், பேசியவரைப் போய் விசாரியுங்கள். "அவர் எங்கே கேட்டார்?" என்றுதான் பதில் வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? கேட்டவர் தம் காதில் விழுந்ததைக் கணக்கு வைக்கிறார். பேசியவரோ, பேசியதால் என்ன நடந்தது என்பதைக் கணக்கு வைக்கிறார். பேசியவரின் கணக்குத்தான் சரியான கணக்கு.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுமா? சூளையிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சுண்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் உள்ளே விரிசல். மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் கிண்ணம் தன் விரிசலைத் தானே சொல்லாது. இன்னொருவர் விரல் பட வேண்டும். மனிதனின் காதும் அப்படித்தான்!

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம், 100 பேருக்குக் குறையாத ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த கமிட்டிக்கு வழி செய்தது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத்தினரை விடக் குறையக் கூடாது என்றும் சொன்னது. நாற்காலியைச் சட்டம் சமமாகப் போடலாம். காதைத் திறந்து வைக்க அதனால் முடியுமா?

கீழத்தஞ்சையின் விவசாயக் கூலிகள் கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டார்கள். மிராசுதார்களின் காதில் அது விழாமலா போயிற்று? விழுந்தது. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் கணபதியா பிள்ளை கமிஷனை அமைத்தது; 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல்லைப் பற்றிய பேச்சு கோட்டைக்கு எட்ட 44 உயிர்கள் வேண்டியிருந்தது! "நாங்கள் கேட்டோம்" என்று யார் அங்கே போய்ச் சொல்வது?

அதே கீழத்தஞ்சையில் இன்னொரு விதமான காதும் இருந்தது. பி. சீனிவாசராவ் கர்நாடகத்தில் பிறந்தவர். 1940-களில் அவர் சேரிகளுக்குப் போனார். அந்த மக்களோடு உண்டார், உறங்கினார். சவுக்கடியையும் சாணிப்பாலையும் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டார். அவற்றை ஒழிக்கும் போராட்டத்தில் அவர்களோடு நின்றார். 1961-ல் அவர் மறைந்தார். அவர் நன்றாகக் கேட்பவர் என்ற அத்தாட்சி அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்டதல்ல. அந்தச் சேரிகள் கொடுத்தது.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு சங்கக் கிளையிலும் ஒரு காரியம் செய்யலாம். "நான் எப்படிக் கேட்கிறேன்?" என்பதைத் தலைவர் ஒரு தாளில் எழுதட்டும். அவர் இல்லாதபோது அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். நாம் பேசி முடிக்கும்வரை பொறுத்தாரா? கேட்டதைத் தம் வாயால் சரியாகத் திருப்பிச் சொன்னாரா? அடுத்த கூட்டத்தில், என்ன ஆயிற்று என்று வந்து சொன்னாரா? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள்.

பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி இருந்தால் கோபம் வேண்டாம். விரிசல் எங்கே என்று தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு முதலில் தன்னை உட்படுத்திக்கொள்ளும் சங்கம், பிறகு நிர்வாகத்தின் கதவைத் தட்டட்டும். அந்தத் தட்டலுக்கு வலு அதிகம்!