டைல்ஸ் தரைக்கு முகூர்த்தம் எதற்கு?

தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் சாணி மெழுகிய மண் தரை போய் டைல்ஸ் தரை வந்துகொண்டிருக்கிறது. இதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம். சாணி கிருமியைக் கொல்லும், மண் தரைதான் குளிர்ச்சி என்று பிரசங்கம் செய்கிறவர்கள் தங்கள் வீட்டில் கிரானைட் போட்டுக்கொண்டுதான் பேசுகிறார்கள். சாணியில் ரணஜன்னிக் கிருமி இருக்கக்கூடும் என்பதை எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லுவார். மெக்சிகோ தேசத்தில் 2000-ம் வருஷம் முதல் ஏழைகளின் மண் தரையைச் சர்க்காரே சிமெண்டுத் தரையாக்கிக் கொடுத்த இடத்தில், குழந்தைகளின் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் குறைந்ததைப் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

நமது ஜில்லாவின் பண்ணையாள் ஏன் வெகுகாலம் மண் தரையிலேயே கிடந்தான்? குடிசை நின்ற மனை மிராசுதாரருடையது. கூலி கூடக் கேட்டால் "குடிசையைப் பிரி" என்பார். அந்த மனையில் எவன் கல் பதிப்பான்? 1968-ல் கீழவெண்மணியில் கூலித் தகராறில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டந்தான் குடியிருந்த மனையை உழைப்பாளிக்குச் சொந்தமாக்கிற்று. வாஸ்து பகவான் கொடுத்ததல்ல.

அந்த மனையில் இன்று பேரன் வீடு கட்டுகிறான். முதற்காரியமாக வாஸ்துக்காரனைக் கூப்பிடுகிறான். அவன் ஈசானிய மூலை தாழ இருக்கவேண்டுமென்கிறான். சாக்கடைக் குழாயோ வேறு மூலையில். குளிக்கும் அறையில் தண்ணீர் தேங்கி, பாட்டி வழுக்கி விழுந்தால் அது விதி!

பிறகு முகூர்த்தம். நமது பூமி களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆகையால் மணல் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, கான்கிரீட் போட்டு, ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி ஆறவிட்ட பிறகே கல் பதிக்கவேண்டும். பஞ்சாங்கத்துக்கு இந்தக் கணக்குத் தெரியாது. நேற்றுப் பதித்த கல்லின்மேல் இன்று விடியுமுன் பசுவையும் கன்றையும் ஏற்றி, நடுக்கூடத்தில் ஹோமம் வளர்க்கிறார்கள். ஆறு மாதத்தில் கல் பெயர்ந்தால் கண் பட்டுவிட்டதாம். பசுவின் எடை மட்டும் எவர் கண்ணுக்கும் படவில்லை.

கல் வாங்கப் போகிறவர்கள் ராசிக்கு ஏற்ற வர்ணம் தேடுகிறார்கள். தேடவேண்டியது வேறு. சுவர்க் கல்லைத் தரைக்கு வாங்காதீர்கள். மலிவாயிருக்கும், பாரம் தாங்காது. பின்புறத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று குடித்தால் ஈரம் புழங்கும் தரைக்கு ஆகாது. விட்ரிஃபைடு கல் தண்ணீர் குடிக்காது. அதனாலேயே வெறும் சிமெண்டுப் பாலில் சரியாய்ப் பிடிக்காது, அதற்கென்றுள்ள பசை வேண்டும். குளிக்கும் அறைக்குச் சொரசொரப்பான கல். இவ்வளவையும் கொத்தனார் தட்சிணையில்லாமலே சொல்லுவார்.

அந்தக் கொத்தனாரையும் சித்தாளையும் கிரகப்பிரவேசத்தன்று வாசலிலேயே நிறுத்தி வேட்டி சேலை கொடுத்தனுப்பிவிட்டு, அவர்கள் முழங்கால் தேயப் பதித்த தரையில் புரோகிதரை விட்டுப் புண்ணியாகவாசனத் தண்ணீர் தெளிக்கிறோம். யாருடைய தீட்டைப் போக்க?

மன்னார்குடிப் பக்கத்தில் தோழர் ஒருவர் ஹோமச் செலவைத் தரையின் அடியில் மணலாகவும் ஜல்லியாகவும் போட்டார். கல் பதித்தபின் பத்து நாள் வீட்டைப் பூட்டி வைத்தார். திறந்த அன்று முதற் பந்தி கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும், அந்தக் கூடத்திலேயே. சாப்பிட்டு எழுந்தபின் கொத்தனார் ஒரு ரூபாய்க் காசால் மூலைக்கு மூலை தட்டிக் காட்டினார். ஓர் இடத்திலும் பொள்ளல் சத்தம் இல்லை.