கீசர் புதுசுதான்... ஆனா சுடுதண்ணி மட்டும் நூலா வருதே, ஏன்?

சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய பிரச்னை இது. பச்சைத் தண்ணீர் நன்றாகக் கொட்டும். சுடுதண்ணீர் பக்கம் திருப்பினால் நூல் மாதிரி வரும். உடனே பழி கீசர் மேல் விழுகிறது. புது கீசர் மாட்டியும் நிலைமை மாறாத வீடுகளில், கோளாறு பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் பைப்பில்தான். அதைக் கண்டுபிடிப்பது குளியலுக்காக மட்டுமல்ல. செலவை யார் ஏற்பது என்பதும் அதைப் பொறுத்ததே.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

1980, 90-களில் கட்டிய பல வீடுகளில் இருப்பது ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வருடங்கள் போகப்போக அந்தப் பூச்சு கரைந்து, உள்ளே துரு பிடிக்கும். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் உப்பும் அதன் மேல் படியும். குழாயின் உள்விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாகக் குறையாது. அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

சுடுதண்ணி பைப் மட்டும் ஏன் முதலில் அடைக்குது?

சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு. தண்ணீர் சூடானால் பிரிந்து வெள்ளையாகப் படியும். சூட்டில் துருவும் வேகமாகப் பிடிக்கும். அதனால்தான் ஒரே வயதுள்ள இரண்டு பைப்புகளில் சுடுதண்ணீர் பைப் முதலில் சுருங்குகிறது.

கீசரா, பைப்பா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரு பக்கெட் போதும். பச்சைத் தண்ணீரும் சுடுதண்ணீரும் அது நிறைய எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று தனித்தனியாகப் பார்க்கலாம். இரண்டுமே மெதுவாக இருந்தால், டேங்க் உயரம் அல்லது மெயின் பைப்தான் பிரச்னை. சுடுதண்ணீர் மட்டும் மெதுவாக இருந்தால், கீசரின் மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகு, பிளம்பரை வைத்து வெளிவரும் ஹோஸைக் கழற்றி பக்கெட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் நன்றாக வந்தால் அடைப்பு சுவர் பைப்பிலோ, அதன் முனையில் உள்ள குழாயிலோ, ஷவரிலோதான். அங்கேயே மெதுவாக வந்தால் ஆங்கிள் வால்வு, உள்வரும் ஹோஸ், சேஃப்டி வால்வு, கீசர் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கலாம்.

மாத்தினா எந்தப் பைப்?

சுடுதண்ணீருக்கு யுபிவிசி கூடாது, சூட்டில் இளகிவிடும். சிபிவிசி 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், துருப் பிடிக்காது. பைப் மீது ஐஎஸ் 15778 என்ற ஐஎஸ்ஐ குறியீடு இருக்க வேண்டும். ஒட்டும் பசையும் சிபிவிசிக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அரை இஞ்ச் ஜிஐ பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ.; அரை இஞ்ச் சிபிவிசியில் அது சுமார் 12 மி.மீ.தான். அதனால் மெயின் லைனை முக்கால் இஞ்சில் போட்டு, கடைசியில் ஷவருக்குப் போகும் இடத்தில் மட்டும் அரை இஞ்ச் வைப்பது நல்லது. டைல்ஸை உடைக்க மனமில்லையென்றால், பழைய பைப்பை அப்படியே விட்டுவிட்டு, புது லைனைச் சுவருக்கு வெளியே கொண்டுபோகலாம்.

பிரஷர் பம்ப் போட்டா போதாதா?

தொட்டியிலிருந்து 10 மீட்டர் இறக்கத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டின் ஷவர் தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருந்தால், கிடைப்பது 0.3 பார் மட்டுமே. அங்கே பம்ப் உதவும். ஆனால், துருப்பிடித்த பைப்பில் அழுத்தத்தைக் கூட்டினால் சுவருக்குள் கசிவு வரலாம். எனவே பைப்பை முதலில் மாற்றி, தேவைப்பட்டால் பம்ப்பைப் பிறகு வைப்பதே சரியான வரிசை.

செலவு யார் தலையில்?

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இரண்டாவது அட்டவணையில் பிரித்துத் தருகிறது. தேவைப்படும்போது பைப் மாற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. டேப் வாஷர், கீசர் ரிப்பேர் போன்றவை வாடகைதாரரின் பொறுப்பு. ஆக, 'கீசர் சரியில்லை' என்று சொன்னால் செலவு வாடகைதாரருக்கு. 'பைப் அடைத்திருக்கிறது' என்று நிரூபித்தால் உரிமையாளருக்கு.

ஹோஸைக் கழற்றிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தை மொபைலில் வீடியோ எடுத்து, பிளம்பர் சொன்னதையும் சேர்த்து ஹவுஸ் ஓனருக்கு எழுத்தில் அனுப்புவது நல்லது. புது கீசர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்.