ஆண்மை இல்லாததாலா கொளுத்தினான்?

நான் நாவல் படிக்கிறவன். எழுதுகிறவன் இல்லை. குருதிப்புனலைப் பற்றி ஒரு கூட்டத்தில் வாய் திறந்தேன். “அது உளவியல் தம்பி, உங்களுக்குப் பிடிபடாது” என்றார் ஒரு பெரியவர். பிடிபடாமல் என்ன? மூணு தடவை படிச்சிட்டுத்தான் பேசுறேன்.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒண்டின 44 பேரைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பொம்பளைங்க, பிள்ளைங்க. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டது சேரி சனம். செங்கொடியை இறக்கு என்றான் மிராசுதார். இறக்க முடியாதுன்னுட்டாங்க. இதுதான் விஷயம். இதைப் புரிஞ்சுக்க உளவியல் எதுக்கு?

இந்திரா பார்த்தசாரதி 1975இல் எழுதிய நாவலில் பண்ணையாருக்கு ஆண்மை இல்லை. அந்தப் புண்ணிலிருந்துதான் வெறி கிளம்புகிறது. சரி, நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் இருந்த அத்தனை மிராசுதாருக்குமா அந்தக் குறை? கூட அரிவாள் தூக்கி வந்த அடியாட்களுக்குமா? ஒருத்தனுக்கு வைத்தியம் பார்த்திருந்தால் 44 பேரும் பிழைச்சிருப்பாங்க என்றல்லவா ஆகிறது! டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். சேரிக்காரன் பின்னால் நிற்கிறான், கடைசியில் எரிகிறான். உயர்நீதிமன்றம், கார் வைத்திருக்கும் கனவான்கள் நேரில் நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்களா என்று நம்ப மறுத்து அவர்களை விடுதலை செய்தது. நீதிபதி கனவானாக்கினார், நாவலாசிரியர் நோயாளியாக்கினார். ரெண்டு இடத்திலும் சாதியும் நிலமும் தப்பிச்சுக்கிச்சு. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. ஒண்ணு மட்டும் ஒத்துக்கொள்கிறேன், மற்ற பெரிய எழுத்தாளர்கள் அந்தப் பக்கமே திரும்பாதபோது இவர் தொட்டார்.

பொன்னியின் செல்வன்? ஐந்து பாகமும் ராத்திரி முழிச்சுப் படிச்சவன்தான் நான். வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை வருகிற அழகிலேயே மயங்கிப் போவோம். அந்தக் கரைக்கு மண் சுமந்தவனைப் பற்றி யோசிக்க எனக்கே இருபது வருசம் ஆச்சு.

முல்க்ராஜ் ஆனந்தின் தீண்டாதவன் 1935இல் வந்தது. பக்காவின் ஒரு நாள். கடைசியில் காந்தி பேசுகிறார், பிறகு ஒரு கவிஞர் தண்ணீர் பீச்சும் கக்கூசு வந்தால் பீ அள்ளுகிறவன் விடுதலை ஆவான் என்கிறார். கக்கூசு வந்தது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டமும் வந்தது. அள்ளின ஆளை இப்போது சாக்கடைக் குழிக்குள் இறக்குகிறார்கள்.

பூமணியின் ‘பிறகு’வில் (1979) அழகிரி யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. செருப்புத் தைக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார். கோஷம் இல்லையே என்று நம்ம தோழர்கள் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

இனி நம்ம வீட்டு விவகாரம். இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இல் வந்தபோது நம்மாட்களே காய்ச்சி எடுத்தார்கள். காலனி சனங்களைக் கெட்டவர்களாகக் காட்டிட்டான், எதிரிக்கு ஆயுதம் கொடுத்திட்டான் என்று. நானும் முதலில் அப்படித்தான் கத்தினேன். ஆனால் தோழர்களே, ராச்சோறு எடுக்க எங்கள் தென்னாற்காட்டுக் காலனிக்கும் ஒரு புதிரை வண்ணாத்தி வந்தாள். என் பாட்டி வயசு. எட்டு வயசுப் பயல் நான் அவளை ‘வாடி, போடி’ என்றேன். எங்கம்மா ஒரு அதட்டல்கூடப் போடவில்லை. ஊர்த் தெருவில் எங்கப்பாவை ‘வாடா’ என்று கூப்பிட்டபோது மட்டும் வீட்டுக்கு வந்து அழுதாள். ஆரோக்கியத்தைப் படிக்கப் படிக்க அந்தக் கிழவிதான் வாசலில் வந்து நின்றாள். எனக்கு அந்த நாவலோடு சண்டை இருக்கிறது. கிடைத்துக்கொண்டிருந்த படியும் சோறும் குறைந்துபோனதற்கு அழுகிற அளவுக்கு, அந்தத் தொழிலை விட்டு ஓடணும் என்று ஆரோக்கியத்துக்கு ஏன் தோணவில்லை? சண்டை அதோடதான். பொய் சொல்லிட்டான் என்று என்னால் சொல்ல முடியாது.

சிவகாமி 1989இலேயே ‘பழையன கழிதலும்’ நாவலில் நம்ம தலைவரையே, அதுவும் மகளின் கண்ணால், நிறுத்திக் கேள்வி கேட்டாரே. அப்பவும் நமக்குக் கோபம்தான் வந்தது.

இதைப் படிச்சிட்டு என்னையும் திட்டுவீங்க. திட்டுங்க. உங்க காலனிக்குத் துணி வெளுத்தவங்க இப்ப எங்கே இருக்காங்க, உங்க பிள்ளைங்க அவங்களை என்ன சொல்லிக் கூப்பிடுது என்பதையும் சேர்த்து எழுதுங்க.