ஓட்டு மையும் மூளை நரம்பும்!

ஓட்டுப் போட்டதும் மை வைத்த விரலை செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறோம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாமல் அந்த மை கறுத்து நிற்கக் காரணம், அதிலிருக்கும் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு. ஒரு நரம்பு செல்லை அதன் எல்லாக் கிளைகளோடும் முதன்முதலில் காட்டியதும் இதே உப்புதான்!

இத்தாலியின் அபியாதெகிராஸோ ஊரில், தீராத நோயாளிகளுக்கான விடுதியில் டாக்டராக இருந்தவர் கமில்லோ கோல்ஜி. அங்கே ஒரு சமையலறைதான் அவருக்கு லேப். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி உப்பில் போட்டார். மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. 1873-ல் இதை வெளியிட்டார். நூற்றில் ஒன்றிரண்டு செல்கள்தான் கறுக்கும். அதுவே வரமாகிவிட்டது. எல்லாமே கறுத்திருந்தால் கரிக்கட்டைதான் தெரிந்திருக்கும்!

ஸ்பெயினின் காஹல் இதே முறையை மெருகேற்றி, நரம்பு செல்கள் தனித்தனி என்றார். கோல்ஜியோ, எல்லாம் ஒரே வலை என்றார். 1906-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. கோல்ஜி தன் நோபல் உரையிலேயே காஹலின் கொள்கையை எதிர்த்துப் பேசினார். கடைசியில் ஜெயித்தது காஹல்தான். அதே ஆண்டில்தான், ஞாபகம் இழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையில் விசித்திரமான படிவுகளையும் முடிச்சுகளையும் கண்டதாக ஜெர்மனியின் அலாய்ஸ் அல்சைமர் அறிவித்தார். அவருக்கும் கைகொடுத்தது வெள்ளிச் சாயமே.

ஜெல்லில் பிரித்த புரதங்களைப் பார்க்கவும் 1979 முதல் வெள்ளி உதவுகிறது. ஆனால், பழைய ஃபிலிம் கழுவுவதுபோல நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஜெல் முழுக்கப் பழுப்பாகிவிடும். கறுப்பின் அடர்த்தியை வைத்துப் புரதத்தின் அளவை நம்பிச் சொல்லவும் முடியாது. ஒரு புரதம் கூடுகிறதா, குறைகிறதா என்று தேடும் நோய் ஆராய்ச்சியில் இது பெரிய தலைவலி.

இதற்கு 2018-ல் ஒரு வழி சொன்னது பென் சோங் டாங் பங்கேற்ற ஹாங்காங் - ஸ்வீடன் குழு. வழக்கமான ஒளிரும் சாயங்கள் நெருக்கினால் மங்கிவிடும். இவர்களின் சாயம் நேரெதிர். தண்ணீரில் அதன் மூலக்கூறின் இறக்கைகள் சுழன்றுகொண்டே இருக்கும். சக்தியெல்லாம் அதிலேயே வீணாகும். புரதத்தில் ஒட்டிய வெள்ளி அயனியைச் சந்தித்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டமாகிவிடும். பீக் ஹவர் பஸ்ஸில் நிற்பதுபோல அசைய இடமிருக்காது. உடனே ஒளிரத் தொடங்கும்! வெள்ளியைக் கறுக்கவைக்கும் அந்தப் பதற்றமான கட்டமே இதில் தேவையில்லை. புற ஊதா விளக்கைக் காட்டினால், புரதம் இருக்கும் கோடுகள் மட்டும் இருட்டில் பளிச்சிடும்.